மஞ்சள் பட்ட காகிதம்

லீட்ஸ்
16-10-1965

அன்புள்ள ஞானம்,

மாரி எழுதுகிறேன். வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முகவரியில் அம்மா பெயரைத்தான் போட்டிருக்கிறேன். தபால்காரர் சுந்தரமூர்த்தி காலனி முனையில் சைக்கிளை நிறுத்தி ‘பூவாயி’ என்று கூப்பிட வேண்டும். எங்கள் தெருவில் அவர் இதுவரை யார் பெயரையும் கூப்பிட்டதில்லை. அம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வருவாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும்.

விமானத் தபால் தாள் இரண்டு வாங்க வசதியில்லை. அதனால் நடுவில் ஒரு கோடு கிழிக்கிறேன். மேலே இருப்பதை அம்மாவுக்கும் நைனாவுக்கும் படி. கீழே இருப்பது உனக்கு மட்டும்.

அம்மா, நைனா, நான் சௌக்கியம். எனக்கென்று தனி அறை இருக்கிறது. கட்டில், மேஜை, காஸ் அடுப்பு, குளிருக்குக் கணப்பு எல்லாம் உண்டு. வீட்டுக்கார அம்மாளுக்கு என் பெயர் நுழையவில்லை, ‘மேரி’ என்கிறார். நீங்கள் கட்டிக்கொடுத்த மஞ்சள்தூளும் ஊறுகாயும் சிந்தாமல் வந்தன. இங்கே செடிகளுக்கு வரும் நோய்களைப் படிக்கிறோம். முதல் வாரமே நிலக்கடலை இலை ஒன்றைக் காட்டினார்கள். நம் மல்லாட்டைதான். கருப்புப் புள்ளி விழுந்த இலை. எனக்கு யாரோ உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

____________

ஞானம், கணப்பு உண்டு. ஆனால் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு ஷில்லிங் போட்டால்தான் எரியும், காசு தீர்ந்ததும் தானே அணையும். உதவித்தொகையின் முதல் தவணை இன்னும் வரவில்லை. அதனால் பொது நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே சூடு இலவசம். வாரம் ஒருநாள் வகுப்பில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

உன்,
மாரி


செஞ்சி
2-11-1965

அன்புள்ள மாரி,

உன் கடிதம் வந்தது. உன் அம்மா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, கைகால் கழுவிவிட்டுத்தான் என்னிடம் நீட்டினாள். மண்டியில் மல்லாட்டை உடைத்துவிட்டு நேரே வந்திருக்கிறாள், நகமெல்லாம் மண். “மெல்லப் படி பாப்பா, ஓடாத” என்றாள். மூன்று தடவை படிக்க வைத்தாள்.

“தனி ரூமா? ஒத்தையிலயா படுத்துக்குது? பயந்துக்காதா?”

“பக்கத்தில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார்கள்” என்றேன்.

“இன்னா துன்னுதுன்னு எழுதலியே.”

நீ எழுதவில்லை. நான் தாளைப் பார்த்தபடியே, ‘தினமும் ஒரு ஆப்பிள் தின்கிறேன்’ என்று படித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவள் முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் இரண்டு ஆப்பிளாகப் படித்திருப்பாய்.

இங்கே அரிசிக்கு வரிசை நிற்கிறது. அப்பா கடையில் காலையில் திறக்கும் மூட்டை பத்து மணிக்குக் காலி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டுக்குள் உட்கார்ந்து ஐந்து வருஷமாகிறது. மாடி ஜன்னலில் ராஜகிரி மலை தெரிகிறது, தெரு தெரிகிறது. உன் கடிதம் வந்த நாள்தான் எனக்கு வெளியே போய்வந்த நாள். அதனால் ஒன்று கேட்கிறேன். நீ அங்கே என்ன வேடிக்கை பார்க்கிறாய், எங்கே சுற்றுகிறாய், அதை எழுது. நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஞானம்பாள்


லீட்ஸ்
12-12-1965

அன்புள்ள ஞானம்,

அம்மா, நைனா, இங்கே பனி விழுகிறது. பஞ்சு மாதிரி சத்தமில்லாமல் விழுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் சந்தை மூடும் நேரத்துக்குப் போனால் அடிபட்ட காய்களைக் கிட்டத்தட்ட சும்மா தருகிறார்கள். போன வாரம் ஒரு முழு முட்டைக்கோஸ். பழைய துணி விற்கும் இடத்தில் ஒரு ஓவர்கோட் வாங்கினேன். ஆம்பளைக் கோட்டு, முழங்கால் தாண்டி வருகிறது. பையில் யாரோ ஒருவருடைய பஸ் டிக்கெட் இருந்தது. அவர் எங்கேயோ போய்வந்திருக்கிறார்.

சனிக்கிழமை இரவில் மாணவர்கள் நடனம் வைக்கிறார்கள். எனக்கு டிக்கெட் கிடையாது. வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி, டோக்கன் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன். அதற்கு உள்ளே இருக்க விடுகிறார்கள், முடிந்ததும் மிச்சமான ரொட்டியும் தருகிறார்கள். பாட்டு முழுவதும் கேட்கலாம்.

____________

ஆப்பிள் நான் இதுவரை வாங்கியதில்லை. சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

நீ வேடிக்கை கேட்டாய். சொல்கிறேன். எல்லோரும் ஆட உள்ளே போன பிறகு, நூற்றைம்பது ஓவர்கோட்டுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வைக்கோல் போருக்குள் பூனை மாதிரி. ஒவ்வொன்றிலும் ஆள் சூடு இன்னும் இருக்கும். குளிர்ந்துபோன கையை ஏதாவது ஒன்றின் கைக்குள் விட்டுக்கொள்வேன். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் எனக்குக் குளிராது. போன வாரம் ஒரு பெண் கோட்டை வாங்க வந்தபோது என் கை அதற்குள்ளே இருந்தது. அவள் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டாள்.

வகுப்பில் இன்னும் பேசவில்லை.

மாரி


செஞ்சி
10-1-1966

அன்புள்ள மாரி,

நடனத்தைப் படிக்கப்போய் மாட்டிக்கொண்டேன். “ஆம்பளயும் பொம்பளயும் சேந்தா ஆடுதுங்க?” என்று உன் அம்மா என் வாயையே பார்த்தாள். “கோலாட்டம்” என்றேன். “அப்படிச் சொல்லு” என்று உட்கார்ந்தாள். இப்போது மண்டியில் எல்லாப் பெண்களுக்கும் வெள்ளைக்காரர்கள் சனிக்கிழமைதோறும் கோலாட்டம் ஆடுவது தெரியும். மாரிதான் அங்கே கோல் எடுத்துக் கொடுக்கிறாளாம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “படிச்சிக் காட்டனது போதும், கதவச் சாத்து” என்று நேற்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். உன் அம்மா கேட்காத மாதிரி மாட்டுத்தொட்டி ஓரமாக நின்றாள்.

திண்டிவனத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் உத்திராபதி. ஜவுளிக்கடை. முதல் மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது. அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், “கணக்குப் போட வருமா?” என்று. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் என் செய்தி. உன்னுடையதை எழுது.

ஞானம்பாள்


லீட்ஸ்
13-3-1966

ஞானம்,

இந்தக் கடிதத்தில் கோடு இல்லை. முழுவதையும் அம்மாவுக்கும் நைனாவுக்கும் அப்படியே படி. ஒன்றையும் சேர்க்காதே, விடாதே.

அம்மா, நைனா, என்னால் முடியவில்லை. கால்விரல்கள் குளிரில் வீங்கி வெடித்துவிட்டன. இரண்டாம் தவணைப் பணமும் தாமதமாகிறது. பத்து நாளாக ரொட்டியும் ஊறுகாயும்தான். ஊறுகாயும் நேற்றோடு தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். பேராசிரியர் நல்லவர். அறைக்குக் கூப்பிட்டு, வாரக் கூட்டத்தில் நான் பேசாவிட்டால் இந்த வருஷம் தேற முடியாது என்றார். பேச என் முறை வரும்போதெல்லாம் குனிந்து நோட்டைப் புரட்டுகிறேன். எல்லோரும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையைத் தாங்க முடியவில்லை. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஐந்து மாதமாக என்னை யாரும் தொட்டதில்லை.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக்குள் படிப்பை விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால், ஊருக்குக் கப்பல் டிக்கெட்டை அவர்களே எடுத்துத் தருவார்கள். அதற்குப் பிறகு தோற்றால் என் செலவில்தான் வரவேண்டும். அதற்கு நம்மிடம் எதுவும் இல்லை.

எனக்காக ஊரே பஸ் நிலையத்துக்கு வந்து நின்றது. அதை நினைத்தால் கை ஓடவில்லை. அதனால் நானாக முடிவு செய்யமாட்டேன். நைனா ‘வா’ என்றால் வருகிறேன். ‘இரு’ என்றால் இருக்கிறேன். உடனே எழுதச் சொல்லுங்கள்.

தாளின் ஓரத்தில் மஞ்சள் பட்டுவிட்டது. கடைசி மஞ்சள்தூளைப் பாலில் போட்டுக் குடித்தேன், போடும்போது சிந்திவிட்டது. வேறு தாள் இல்லை.

மாரி


செஞ்சி
23-3-1966

அன்புள்ள மாரி,

கடிதம் கிடைத்தது. படித்தேன். உன் அம்மா கலங்கவில்லை, நீ கவலைப்படாதே. உன் நைனா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இருந்து முடிச்சிட்டே வரச் சொல்லு பாப்பா. பாதி மல ஏறிட்டு எறங்கறதுக்கு ஏறாமயே இருந்திருக்கலாம்.”

உடம்பைப் பார்த்துக்கொள். நான் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பார்சல் அனுப்புகிறேன். கப்பலில் வருவதால் தாமதமாகும். ஊறுகாய், மஞ்சள்தூள், பருப்புப்பொடி, கம்பளிக் காலுறை இருக்கும்.

உன்,
ஞானம்பாள்


லீட்ஸ்
15-5-1966

அன்புள்ள ஞானம்,

அம்மா, நைனா, நைனா சொன்ன வார்த்தைக்காகத்தான் கையெழுத்துப் போடவில்லை. பாதி மலை என்று நைனா சொன்னதைத் தாளில் எழுதிக் கணப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கணப்பு எரியாத நாளிலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். ஏப்ரல் பன்னிரண்டு வந்தது, போனது. அன்று முழுவதும் படுக்கையில் இருந்தேன்.

போன வாரம் கூட்டத்தில் நான்கு நிமிஷம் பேசினேன். மல்லாட்டையில் புள்ளி விழுந்த இலைகளை அம்மா கிள்ளிக் கூடையில் போட்டு, வரப்பு தாண்டி எரிப்பதைச் சொன்னேன். “ஏன் எரிக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டார். “மண்ணில் விழுந்தால் அடுத்த வருஷமும் வரும் என்று அம்மாவுக்குத் தெரியும்” என்றேன். பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

____________

அதற்கு முன் இரண்டு வாரம் நெஞ்சுச் சளியில் படுத்திருந்தேன். ஜூனில் தேர்வு. தேறாவிட்டால் இந்த ஊரில் நான் என்ன ஆவேன் என்று நினைக்கக்கூடப் பயமாக இருக்கிறது. திரும்புகிற வழியை நானே அடைத்துக்கொண்டேன். நைனா சொன்னதால் செய்தேன் என்பது ஒன்றுதான் பிடி.

மாரி


செஞ்சி
12-6-1966

மாரி,

இந்தக் கடிதத்தைப் பதினேழு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் நைனா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தை நான் அப்போது அவர்களுக்குப் படிக்கவே இல்லை.

அன்று நடந்தது இது. தாளில் மஞ்சளைப் பார்த்ததும் சுந்தரமூர்த்தியே கடைத்தெருவில் சத்தம் போட்டார், “பூவாயி, மஞ்ச தடவி வந்திருக்குது, இன்னா விசேசம்?” என்று. மஞ்சள் தடவிய கடிதம் நல்ல சேதி அல்லாமல் வேறு என்ன? மண்டிப் பெண்கள் கூட வந்துவிட்டார்கள். “கண்ணாலமா இருக்கப் போவுது” என்றாள் ஒருத்தி. “சீ, எம்பொண்ணு கேக்காம செய்யாது. பாஸ் பண்ணிட்டா” என்றாள் உன் அம்மா. கூட்டத்தைப் பார்த்து அப்பா எழுந்தார். மாரி, அப்பா உன் அம்மாவை முன்வாசலுக்குக் கூப்பிட்டார். “இப்படி வாம்மா, உக்காரு” என்று பெஞ்சைக் காட்டினார். கையில் கல்கண்டு கொடுத்தார். என்னையும் முன்பக்கம் வரச்சொன்னார். கடைத்தெருவே கேட்கிற மாதிரி படி என்றார்.

உன் அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தாளைப் பிரித்தேன். ‘முதலாவதாகத் தேறினேன்’ என்று படித்தேன்.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் அம்மாவின் முகத்துக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ திரும்பி வந்துவிட்டால் நான் எதைப் படிப்பேன்? திண்டிவனத்துக்குப் போகும்வரை எனக்கு அந்தக் கொல்லைக் கதவு ஒன்றுதான். அதனால் உன் நைனா பெயரில் நானே எழுதினேன்.

மே மாதக் கடிதத்துக்கு உன் நைனாவும் வந்திருந்தார். ‘நைனா சொன்ன வார்த்தைக்காகத்தான்’ என்பதை யோசிக்காமல் படித்துவிட்டேன். அவர் துண்டை எடுத்துவிட்டு, “நா எப்ப சொன்னேன் பாப்பா?” என்றார். எனக்கு வேறு பொய் வரவில்லை. உள்ளே போய் மார்ச் கடிதத்தை எடுத்துவந்து முழுவதும் படித்தேன். ஒன்றும் விடவில்லை.

உன் அம்மா சேலையை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா துண்டை உதறி மடித்தார். பிறகு, “வான்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் அம்மா என் கையிலிருந்து கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரூபாய் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். பதிமூன்று ரூபாய் சில்லறைக்கு இருந்த இங்கிலாந்துப் பவுன் நோட்டு இப்போது இருபத்தொரு ரூபாயாம். என் வளையல் இரண்டையும் விற்றால்கூட உன் டிக்கெட்டில் பாதி வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

என்னைத் திட்டி எழுது.

ஞானம்பாள்


லீட்ஸ்
10-7-1966

ஞானம்பாளுக்கு,

கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். அந்த ஒன்றில் தோற்றேன். படித்த கேள்விதான் வந்தது, எழுத ஓடவில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்றார்கள். அதிலும் தோற்றால் டிக்கெட் கிடையாது. உன்மேல் பழி போடவில்லை.

தப்பு என்னிடமும் இருக்கிறது. மஞ்சள் பட்ட காகிதம் நம் ஊரில் என்ன சொல்லும் என்பதை நான் மறந்துவிட்டேன். ஐந்து மாதத்தில் மறந்துவிட்டேன். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு அந்த நிறம்தான் எழுத்து.

இன்னொன்றும் நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நைனா மலையைப் பற்றி அப்படிப் பேசமாட்டார். அவர் ராஜகிரி ஏறியதெல்லாம் கோட்டைப் பழுது வேலைக்கு, தலையில் சுண்ணாம்புக் கூடையோடு. இறக்கிவிட்டு மறுபடி ஏறுவார். மலை ஏறுவதைப் பெருமையாகச் சொல்வது ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்கள். அந்தத் தாளைக் கணப்புக்கு மேலிருந்து எடுத்துவிட்டேன். ‘வான்னுதான் சொல்லியிருப்பேன்’ என்பதை வேறு தாளில் எழுதி ஒட்டவில்லை. அது எழுதாமலே தெரிகிறது.

இதை உன் பெயருக்கே போடுகிறேன். இனி அம்மாவுக்கு வரும் கடிதங்களைப் பாவாடை அண்ணன் படிப்பார். காலனி முனையில் டீக்கடை வைத்திருக்கிறார், ஆறாவது வரைக்கும் படித்தவர். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அப்படிப் படிக்கிறவருக்கு எதையும் சேர்க்க நேரம் இருக்காது.

உன் பார்சல் வந்து சேர்ந்தது. கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோட்டுக்குக் கீழே எழுத இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

மாரியம்மாள்


செஞ்சி
10-8-1966

அன்புள்ள மாரி,

நீ பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் இந்த முகவரியில் நான் இருக்கமாட்டேன். ஆவணி பத்தாம் தேதி கல்யாணம். பத்திரிகைக்கெல்லாம் நான்தான் மஞ்சள் தடவினேன். ஒவ்வொரு மூலைக்கும் விரல் வைக்கும்போது உன்னை நினைத்தேன்.

போன திங்கட்கிழமை சுந்தரமூர்த்தி வந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். உன் அம்மா நீலத் தாளை வாங்கிக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டிப் போனாள். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, “என்னம்மா, மாரி சேதியா?” என்றார். “ஆமாங்கய்யா” என்றாள், நிற்கவில்லை. எங்கள் தெருக் கோடியில் தெரியும் அந்த டீக்கடையில் பாவாடை வெகுநேரம் படித்தார். அவர் உதடு அசைவதைத்தான் பார்க்க முடிந்தது.

நேற்று உன் அம்மா கொல்லைக் கதவைத் தட்டினாள். கையில் கடிதம் இல்லை. மாட்டுத்தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

“அங்க இப்ப வெயிலாம் பாப்பா. காலு ஆறிப்போச்சாம். தோட்டத்துல வேலைக்குப் போவுதாம், லீவுல. தக்காளி கட்றதாம். நம்ம மாரிக்கி அது வராதா? இன்னும் ஒரே பரீச்சதான் பாக்கியாம்.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“தெனமும் ஒரு ஆப்பிளு துன்னுதாம்” என்றாள்.

அது பாவாடை படித்ததில் இருந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஞானம்பாள்